அப்பாவின் போன் ஏன் பாதையைப் பாதியில் விடுகிறது? ஓஎஸ் பாடத்தை எங்கே பிடித்துத் தொடங்குவது?

தங்கச்சிமடத்திலிருந்து பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ் இரண்டாம் ஆண்டு படிக்கும் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார்: "ஆபரேட்டிங் சிஸ்டம் (ஓஎஸ்) என்பது பயனருக்கும் வன்பொருளுக்கும் நடுவில் இருக்கும் இடைமுகம் என்று எழுதி மார்க் வாங்கிவிட்டேன். ஆனால் அது உள்ளே என்ன செய்கிறது என்று யாராவது கேட்டால் சொல்லத் தெரியவில்லை. இன்னொன்று. அப்பா நாட்டுப்படகில் போகும்போது போனில் ஜிபிஎஸ் ஆப் போட்டு, போகிற பாதையையும் வலை விட்ட இடத்தையும் பதிந்துகொள்வார். ஸ்கிரீனை அணைத்துப் பையில் போட்டால் கொஞ்ச நேரத்தில் பதிவு நின்றுவிடுகிறது. இதற்கும் ஓஎஸ் பாடத்துக்கும் சம்பந்தம் உண்டா?"

உண்டு தம்பி. அப்பாவின் ஆப்பை நிறுத்தியதே ஓஎஸ்தான். தெரியாமல் நடந்ததில்லை, கணக்குப் போட்டுத்தான் நிறுத்தியிருக்கிறது. அது என்ன கணக்கு என்று பிடித்துவிட்டால் பாடத்தில் பாதி முடிந்த மாதிரி.

நான் ராமநாதபுரத்தில் கம்ப்யூட்டர் சர்வீஸ் பார்க்கிறவன், பக்கத்தில் பிள்ளைகளுக்கு லினக்ஸும் சொல்லிக்கொடுக்கிறேன். கடைக்கு வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் சொல்கிற வாசகம், "அண்ணே, ஓஎஸ் போயிருச்சு, ஃபார்மேட் பண்ணிப் போட்டுக் குடுங்க" என்பதுதான். நம் கரைப்பக்கத்து உப்புக்காற்றில் ராம் என்கிற மெமரிப் பலகையின் கால்களில் அழுக்கேறி மெஷின் எழவில்லை என்றாலும் பழி ஓஎஸ் மேல்தான். ஆக, எது ஓஎஸ் வேலை, எது இல்லை என்பதிலிருந்தே தொடங்கலாம்.

ஒரே ஒரு நெருக்கடியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். மெஷின் ஒன்று, அதில் ஓட வேண்டிய புரோகிராம்கள் பல. அவற்றில் எதையும் நம்ப முடியாது. கெட்ட எண்ணம் இருந்துதான் கெடுக்க வேண்டும் என்றில்லை, ஒரு சின்ன பிழை போதும். இந்த நம்ப முடியாத கூட்டத்துக்கு நடுவே பிராசஸர், மெமரி, டிஸ்க் மூன்றையும் பங்கு போட வேண்டும், ஒருவர் பங்கில் இன்னொருவர் கை வைக்காமல் பார்த்துக்கொள்ளவும் வேண்டும். பிராசஸ், ஷெட்யூலிங், விர்ச்சுவல் மெமரி, ஃபைல் சிஸ்டம், டெட்லாக் என்று உங்கள் சிலபஸில் வரிசையாக நிற்பதெல்லாம் இதிலிருந்து பிறந்தவைதான்.

ஆரம்பகாலக் கம்ப்யூட்டர்களுக்கு இந்தப் பிரச்சினை இல்லை. ஒரு நேரத்தில் ஒருவருடைய வேலைதான் ஓடும். அது முடிந்தால்தான் அடுத்தவர் புரோகிராமைத் துளையிட்டு வைத்த அட்டைக்கட்டு உள்ளே போகும். மெஷின் விலை யானை விலை, அதைச் சும்மா நிற்கவிட மனம் வருமா? 1961-ல் அமெரிக்காவின் எம்ஐடியில் கார்பட்டோ குழுவினர் சிடிஎஸ்எஸ் என்ற அமைப்பை ஓட்டிக் காட்டினார்கள். பலர் ஒரே நேரத்தில் ஒரே மெஷினில் உட்கார்ந்து வேலை பார்க்கலாம். அங்கே ஆரம்பித்த வழிதான் 1969-ல் பெல் ஆய்வகத்தில் தாம்சனும் ரிச்சியும் தொடங்கிய யூனிக்ஸ், 1991-ல் டோர்வால்ட்ஸ் வெளியிட்ட லினக்ஸ் என்று வந்து, அந்த லினக்ஸின் உள்மையமான கெர்னலையே அடியில் வைத்த ஆண்ட்ராய்டாக அப்பாவின் பைக்குள் உட்கார்ந்திருக்கிறது.

சரி, நம்பாமல் பங்கு போடுவது எப்படி? இதை ஓஎஸ் தனியாகச் செய்ய முடியாது, பிராசஸர் ஒத்துழைக்க வேண்டும். பிராசஸருக்கு இரண்டு நிலை. யூசர் மோடில் இருக்கும்போது கூட்டல், கழித்தல், தன் மெமரியைப் படிப்பது, எழுதுவது என்று சாதாரண வேலைகள்தான் நடக்கும். டிஸ்க்கைத் தொடுவது, மெமரிப் பங்கீட்டை மாற்றுவது போன்றவை கெர்னல் மோடில் மட்டுமே. ஆப்கள் ஓடுவது யூசர் மோடில். கெர்னல் என்கிற ஓஎஸ்ஸின் உள்மையம் மட்டும் கெர்னல் மோடில். ஆப் தடுக்கப்பட்ட வேலையைச் செய்யப் பார்த்தால், பிராசஸரே அதை நிறுத்திக் கெர்னலிடம் ஒப்படைத்துவிடும்.

அப்பாவின் ஆப் ஒரு இடத்தைப் பதிவதையே எடுத்துக்கொண்டு கிட்டத்தில் போய்ப் பார்ப்போம். ஆப்பின் கையில் ஒரு வரி இருக்கிறது: அட்சரேகை, தீர்க்கரேகை, நேரம். அதை ஃபைலில் எழுத வேண்டும். ஸ்டோரேஜ் சிப்பை ஆப் நேரடியாகத் தொட முடியாது, அதனால் 'ரைட்' என்ற சிஸ்டம் கால் (கெர்னலிடம் வேலை கேட்கும் அழைப்பு) வழியாகக் கேட்கிறது. எந்த ஃபைல் என்று காட்டும் ஒரு சிறிய எண், டேட்டா இருக்கும் மெமரி முகவரி, எத்தனை பைட், இந்த மூன்றையும் பிராசஸருக்குள்ளேயே இருக்கும் ரெஜிஸ்டர்கள் என்ற சிறு பெட்டிகளில் வைத்துவிட்டு ஒரு தனி இன்ஸ்ட்ரக்‌ஷனை ஓட்டும். உடனே பிராசஸர் கெர்னல் மோடுக்கு மாறி, கெர்னல் முன்கூட்டியே குறித்து வைத்த ஒரு வாசலுக்குப் போய் நிற்கும். ஆப் நினைத்த இடத்தில் நுழைய முடியாது என்பதுதான் இதில் முக்கியம். கெர்னல் விசாரிக்கும்: இந்த எண்ணில் ஃபைல் ஏதாவது திறந்திருக்கிறதா? எழுதுவதற்கென்று திறந்ததா? கொடுத்த முகவரி இந்த ஆப்புக்குச் சொந்தமானதா? ஒன்று இடித்தாலும் பிழை எண்ணைக் கொடுத்துத் திருப்பி அனுப்பிவிடும். எல்லாம் சரியாக இருந்தால் பைட்டுகளைத் தன் மெமரிக்கு நகலெடுத்துக்கொண்டு, இத்தனை பைட் எழுதியாயிற்று என்று சொல்லி ஆப்பைப் பழையபடி யூசர் மோடில் விட்டுவிடும். கவனித்தீர்களா, ஸ்டோரேஜ் சிப்பில் இன்னும் ஒன்றுமே எழுதவில்லை. அந்த வில்லங்கத்துக்குப் பிறகு வருகிறேன்.

கெர்னல் மோடில் ஒரு பிழை நடந்தால் என்ன ஆகும் என்பதை 2024 ஜூலை 19 அன்று உலகமே பார்த்தது. ஒரு பாதுகாப்பு மென்பொருளின் கெர்னல் பகுதிக்கு வந்த கோளாறான அப்டேட் ஒன்று சுமார் 85 லட்சம் விண்டோஸ் மெஷின்களை நீலத்திரையில் நிறுத்தியது, விமானங்கள் கிளம்பவில்லை. அதே பிழை சாதாரண ஆப்பில் இருந்திருந்தால் அந்த ஆப் மட்டும் மூடியிருக்கும். கெர்னலுக்குள் எதை விடலாம், எதை விடக்கூடாது என்ற சண்டை இன்றைக்கும் ஓய்ந்தபாடில்லை.

அடுத்து ஷெட்யூலிங். இதற்கு உங்கள் ஊர் ஏற்பாட்டையே சொல்லலாம். பாக் நீரிணையில் விசைப்படகுக்கு வாரத்தில் 3 நாள், நாட்டுப்படகுக்கு மீதி 4 நாள். கடல் ஒன்றுதான், இரண்டும் ஒரே நாளில் இறங்கினால் நாட்டுப்படகின் வலை அறுபடும், அதனால் நாளைப் பிரித்துக்கொண்டார்கள். விசைப்படகு மீன்வளத்துறையிடம் டோக்கன் வாங்கித்தான் இறங்க வேண்டும். பிராசஸரையும் இப்படித்தான் நேரம் பிரித்துக் கொடுக்கிறார்கள், நாளுக்குப் பதில் மில்லிவிநாடி. பேச்சு, கட்டுப்பாடு, அபராதம் என்று ஊரில் நடக்கிற காரியம் புரோகிராம்களிடம் செல்லாது. முடிவே இல்லாத லூப்பில் மாட்டிய புரோகிராமிடம் "உன் நேரம் முடிந்தது, எழுந்திரு" என்றால் அதற்குக் காதே கிடையாது.

1992-ல் வந்த விண்டோஸ் 3.1 அப்படித்தான், புரோகிராம்களாகப் பார்த்து விட்டுக்கொடுத்தால்தான் உண்டு. ஒன்று விட்டுக்கொடுக்காமல் உட்கார்ந்தால் மொத்த மெஷினும் அப்படியே நிற்கும். ஆப்பிளின் மேக் 2001-ல் ஓஎஸ் டென் வரும்வரை அதே கதை. இதற்கு மருந்து டைமர் இன்டரப்ட். ஒரு கடிகாரச் சில்லு குறித்த இடைவெளியில் பிராசஸரைத் தட்டும். லினக்ஸில் அமைப்பைப் பொறுத்து விநாடிக்கு 100 முதல் 1000 முறை வரை. தட்டியதும் பிராசஸர் கையில் இருந்த வேலையை விட்டுவிட்டுக் கெர்னலுக்குள் போயாக வேண்டும். ஓடிக்கொண்டிருந்த புரோகிராமை யாரும் கேட்பதில்லை. அதன் ரெஜிஸ்டர்களை எல்லாம் பத்திரமாக எழுதி வைத்துவிட்டு, அடுத்த புரோகிராமின் ரெஜிஸ்டர்களை எடுத்துப் போட்டு ஓடவிடும். இதுதான் கான்டெக்ஸ்ட் ஸ்விட்ச். தான் நிறுத்தப்பட்டதே புரோகிராமுக்குத் தெரியாது.

இப்போது 'பிராசஸ்' என்றால் என்ன என்று தானாகவே தெரிந்திருக்கும். டிஸ்க்கில் கிடக்கும் புரோகிராம் ஃபைல் பிராசஸ் ஆகாது. அதை ஓடவிட்டு, எப்போது வேண்டுமானாலும் நிறுத்தி, விட்ட இடத்திலிருந்தே தொடர வைப்பதற்குக் கெர்னல் பராமரிக்கும் மொத்தக் கணக்கும் சேர்ந்ததுதான் பிராசஸ்: ரெஜிஸ்டர்கள், மெமரிப் பங்கு, திறந்திருக்கும் ஃபைல்கள், யாருடைய அனுமதியில் ஓடுகிறது என்ற விவரம். ஒரே பிராசஸுக்குள் மெமரியைப் பொதுவாக வைத்துக்கொண்டு தனித்தனியாக ஓடும் கிளைகள் த்ரெட்.

பரீட்சைக்கு எஃப்சிஎஃப்எஸ் (முதலில் வந்தவருக்கு முதலில்), எஸ்ஜேஎஃப் (சிறிய வேலைக்கு முதலில்), ரவுண்ட் ராபின் (ஆளுக்குக் கொஞ்ச நேரம், சுற்றிச் சுற்றி) என்று சராசரிக் காத்திருப்பு நேரக் கணக்கு போடச் சொல்வார்கள். போடுங்கள், மார்க் சுலபம். ஆனால் எஸ்ஜேஎஃப் கணக்கு போடும்போது ஒன்றை யோசியுங்கள்: இந்த வேலை எவ்வளவு நேரம் ஓடும் என்று முன்கூட்டியே யார் சொல்வது? யாராலும் சொல்ல முடியாது. அதனால் உண்மையான ஷெட்யூலர்கள் கடந்த நடத்தையைப் பார்த்துத்தான் முடிவெடுக்கும். லினக்ஸில் 2007 முதல் சிஎஃப்எஸ் என்ற முறை இருந்தது. யார் இதுவரை குறைவாக ஓடியிருக்கிறாரோ அவருக்கு அடுத்த முறை. 2023-ல் 6.6 பதிப்பிலிருந்து இஇவிடிஎஃப் என்ற முறை. நியாயமான பங்கோடு, யாருக்கு எதற்குள் கிடைக்க வேண்டும் என்ற கெடுவையும் அது பார்க்கிறது.

மெமரிக்கு வருவோம். எனக்குப் பாடத்திலேயே மிகவும் பிடித்த இடம் இது, கொஞ்சம் நீளமாகத்தான் சொல்வேன்.

இரண்டு பிராசஸ்கள் ஒரே முகவரியில், உதாரணமாக 5000-ல், எழுதுகின்றன என்று வையுங்கள். ஒன்று எழுதியது மற்றதைப் பாதிக்காது. ஏனென்றால் இரண்டுக்கும் 5000 என்பது பொய் முகவரி. பிராசஸருக்குள் இருக்கும் எம்எம்யூ என்ற பகுதி ஒவ்வொரு முகவரியையும் உண்மையான ராம் முகவரிக்கு மாற்றித்தான் அனுப்பும். மாற்றுவதற்கான அட்டவணை பேஜ் டேபிள், பிராசஸுக்கு ஒன்று, எழுதுவது கெர்னல் மட்டும். அடுத்தவர் மெமரிக்குப் போகும் வழியே என் அட்டவணையில் இல்லை என்றால் நான் அங்கே எப்படிப் போவேன்? தடை போட்டு, மீறுகிறானா என்று காவல் காக்க வேண்டிய வேலையே இல்லை, அந்த முகவரியே எனக்குக் கிடையாது. 1962-ல் மான்செஸ்டரில் ஓடத் தொடங்கிய அட்லஸ் கம்ப்யூட்டரில் இந்த யோசனை வந்துவிட்டது.

ஒவ்வொரு பைட்டுக்கும் ஒரு வரி எழுதினால் அட்டவணை மெமரியைவிடப் பெரிதாகிவிடும். அதனால் 4096 பைட் கொண்ட பக்கங்களாகப் பிரிக்கிறார்கள். 32 பிட் முகவரி என்றால் 4 ஜிபி. அதை 4096-ஆல் வகுத்தால் 10,48,576 பக்கங்கள். வரிக்கு 4 பைட் வைத்தாலும் பிராசஸுக்கு 4 எம்பி அட்டவணை. நூறு பிராசஸ் ஓடினால் அட்டவணைக்கே 400 எம்பி. கட்டுப்படியாகுமா? அதனால் அட்டவணையையே பல படிகளாக அடுக்கினார்கள், பயன்படாத பகுதிக்குக் கீழ்ப்படி எழுதவே தேவையில்லை. இன்றைய 64 பிட் இன்டெல், ஏஎம்டி பிராசஸர்களில் வழக்கமாக நான்கு படி. படிக்கு 9 பிட், பக்கத்துக்குள் எந்த பைட் என்பதற்கு 12 பிட். கூட்டினால் 48 பிட், அதாவது 256 டெராபைட் முகவரி. இந்தக் கணக்கை ஒரு தாளில் நீங்களே போட்டுப் பாருங்கள். புத்தகத்தில் 'மல்டிலெவல் பேஜிங்' என்று படம் போட்டிருப்பது ஏன் அப்படி இருக்கிறது என்று தெரிந்துவிடும்.

அட்டவணையில் ஒரு பக்கத்துக்கு எதிரே 'இப்போது ராமில் இல்லை' என்றும் எழுதி வைக்கலாம். புரோகிராம் அதைத் தொட்டதும் பேஜ் ஃபால்ட் என்று பிராசஸர் கெர்னலைக் கூப்பிடும். கெர்னல் டிஸ்க்கிலிருந்து அந்தப் பக்கத்தைக் கொண்டுவந்து போட்டு, அட்டவணையைத் திருத்தி, அதே இன்ஸ்ட்ரக்‌ஷனை மறுபடி ஓடவிடும். பெயரில் ஃபால்ட் என்று இருந்தாலும் நாள் முழுக்க நடக்கிற சாதாரண சங்கதி இது. ராம் நிரம்பும்போது கொஞ்ச நாளாகத் தொடாத பக்கங்களை டிஸ்க்குக்குத் தள்ளி இடம் பண்ணுவதும் இதே வழியில்தான். அளவோடு நடந்தால் நல்லது. அளவு மீறினால், இப்போது தள்ளிய பக்கமே அடுத்த நொடி வேண்டும் என்று ஆகி, கொண்டுவருவதும் தள்ளுவதுமாகவே பொழுது போகும். த்ராஷிங் என்பது இதைத்தான். 2 ஜிபி ராம், பழைய ஹார்டு டிஸ்க், அதில் பிரவுசரில் இருபது டேப். டிஸ்க் விளக்கு அணையாமல் எரிந்துகொண்டே இருக்கும், மவுஸ் நகராது. இதற்கு ஓஎஸ்ஸை மாற்றிப் போட்டால் இரண்டு நாள் வேகமாகத் தெரியும், அப்புறம் பழைய கதைதான். ராம் கூட்டி, எஸ்எஸ்டி மாட்டுங்கள் என்றால், "ஓஎஸ் போட்டாலே சரியாயிடும்னு பக்கத்துக் கடையில சொன்னாங்களே" என்று வாடிக்கையாளர் என்னிடமே சண்டைக்கு வருவார்!

இப்போது அப்பாவின் போன்.

போனில் இருப்பது ஃபிளாஷ் ஸ்டோரேஜ். எழுத எழுதத் தேயும். அதனால் ஆண்ட்ராய்டு போன்கள் பொதுவாகப் பக்கங்களைக் கம்ப்யூட்டர் போல ஸ்டோரேஜுக்குத் தள்ளாமல் ராமுக்குள்ளேயே சுருக்கி வைத்துப் பார்க்கும். அதுவும் போதவில்லை என்றால் ஏதோ ஒரு பிராசஸைக் கொன்றுவிடும். யாரை முதலில் என்பதற்கு ஒரு வரிசை உண்டு. கண்முன் திரையில் இருக்கும் ஆப்புக்குக் கடைசி இடம். முன்பு திறந்து, இப்போது பின்னால் கிடக்கும் ஆப்தான் முதலில் போகும். ஸ்கிரீனை அணைத்த நிமிடமே அப்பாவின் ஆப் முன்வரிசையை இழந்துவிடுகிறது. 2 ஜிபி, 3 ஜிபி ராம் உள்ள போன் என்றால், வாட்ஸ்அப்பில் நாலு வீடியோ வந்தாலே போதும்.

இது மெமரிப் பக்கம். பேட்டரிப் பக்கமும் ஒன்று உண்டு. 2015-ல் வந்த ஆண்ட்ராய்டு 6, சார்ஜில் இல்லாமல், ஸ்கிரீன் அணைந்து, அசையாமல் கிடக்கும் போனில் ஆப்களை உறங்கவைக்கத் தொடங்கியது. படகுதான் ஆடிக்கொண்டே இருக்கிறதே என்பீர்கள். ஆண்ட்ராய்டு 7-ல் அசைகிற போனுக்கும் இதன் இலேசான வடிவம் வந்துவிட்டது. 2017-ன் ஆண்ட்ராய்டு 8 இன்னும் இறுக்கியது: பின்னணியில் கிடக்கும் ஆப்புக்கு இருப்பிடம் ஒரு மணி நேரத்தில் சில முறை மட்டுமே கிடைக்கும். அப்படியானால் பாதையில் பெரிய பெரிய இடைவெளி விழத்தானே செய்யும். இதற்கு மேல் போன் கம்பெனிகள் தங்கள் பங்குக்குத் தனி பேட்டரி மேனேஜர் ஒன்றை வைத்து, கூகுள் விட்டதையும் நிறுத்துவார்கள்.

ஆப் எழுதியவர் செய்ய வேண்டியது, பதிவு ஓடும்போது அதை ஃபோர்கிரவுண்ட் சர்வீஸாக ஓட்டுவது. மேலே ஒரு நோட்டிஃபிகேஷன் தெரிந்துகொண்டே இருந்தால் அந்த ஆப் இதைச் செய்கிறது என்று பொருள். "நான் இங்கே வேலை செய்துகொண்டிருக்கிறேன், பயனருக்கும் தெரியும்" என்று ஓஎஸ்ஸிடம் எழுதிக் கொடுப்பது மாதிரி. அப்போது வரிசையில் இடம் மேலே போய்விடும், இருப்பிடமும் தடையில்லாமல் வரும். நோட்டிஃபிகேஷனே காட்டாத ஆப் என்றால் வேறு ஆப் பாருங்கள். நீங்கள் செய்ய வேண்டியது, செட்டிங்ஸில் அந்த ஆப்பின் பேட்டரி பகுதிக்குப் போய்க் கட்டுப்பாடு இல்லை என்று வைப்பது, இருப்பிட அனுமதியை எல்லா நேரமும் என்று மாற்றுவது, கம்பெனி வைத்த பேட்டரி மேனேஜரிலும் விலக்குக் கொடுப்பது. கரையிலேயே ஒரு ராத்திரி ஸ்கிரீனை அணைத்து வைத்துச் சோதித்துவிட்டு அப்புறம் கொடுத்து அனுப்புங்கள். ஜிபிஎஸ்ஸுக்கு டவர் சிக்னல் தேவையில்லை, ஆனால் மேப்பை முன்பே இறக்கி வைத்திருக்க வேண்டும்.

ஒன்று கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். எல்லைக்கோடு பக்கத்தில் போகிற படகு போனை நம்பிப் போகக்கூடாது. படகில் பொருத்தும் தனி ஜிபிஎஸ் கருவியில் வாட்ஸ்அப் கிடையாது, வீடியோ கிடையாது. கம்பெனி போட்டுக் கொடுத்த ஒரே வேலை. பங்கு கேட்க வேறு ஆளே இல்லாததால், அதன் வேலையைப் பறிக்கவும் அங்கே யாரும் இல்லை. விலை கொஞ்சம் கூடத்தான். கடலில் அதுதான் சரி.

ஃபைல் சிஸ்டத்தில் முன்பு விட்ட வில்லங்கத்துக்கு வருகிறேன். 'ரைட்' முடிந்தது என்று கெர்னல் சொன்னபோது டேட்டா ராமில்தான் இருந்தது. டிஸ்க் மெதுவானது என்பதால் கெர்னல் சேர்த்து வைத்துப் பிறகு எழுதும். லினக்ஸின் வழக்கமான அமைப்பில் சுமார் 30 விநாடிவரைகூட அப்படியே கிடக்கலாம். அதற்குள் கரன்ட் போனால்? போனதுதான். மழைக்காலத்தில் நம் பக்கம் கரன்ட் எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. "சேவ் கொடுத்தேன், பில் காணோம்" என்று ஐஸ் கம்பெனியிலிருந்தும் மீன் கம்பெனியிலிருந்தும் வந்து நிற்பார்கள். இப்போதே டிஸ்க்கில் எழுதி முடித்துவிட்டு எனக்குச் சொல் என்று கேட்க 'எஃப்சிங்க்' என்று தனி சிஸ்டம் கால் இருக்கிறது. ஒழுங்கான டேட்டாபேஸ் ஒவ்வொரு பில்லுக்கும் அதை அழைக்கும். அழைக்காத பில்லிங் சாஃப்ட்வேர் வேகமாக ஓடுவது போலத் தெரியும், கரன்ட் போகும்வரை.

ஜர்னலிங் இதைக் காப்பாற்றாதா என்று கேட்பீர்கள். விண்டோஸின் என்டிஎஃப்எஸ் ஃபைல் சிஸ்டம் 1993-லும் ஈஎக்ஸ்டி3 லினக்ஸில் 2001-லும் கொண்டுவந்த ஜர்னல் என்ற குறிப்பேடு காப்பது ஃபைல் சிஸ்டத்தின் கட்டமைப்பை. ஒரு ஃபைலைப் பெரிதாக்கும்போது காலி இடப் பட்டியல், ஃபைலின் விவரங்கள் இருக்கும் ஐநோடு, டைரக்டரி என்று பல இடங்களைத் திருத்த வேண்டும். நடுவில் கரன்ட் போனால் ஒன்று திருத்தி ஒன்று விட்டுப் போகும். அதனால் என்ன செய்யப் போகிறேன் என்பதை முதலில் ஜர்னலில் எழுதிவிட்டுச் செய்கிறது. கரன்ட் வந்ததும் ஜர்னலைப் பார்த்து முடித்துவிடும் அல்லது கைவிடும். உங்கள் ஃபைலுக்குள் இருக்கும் கடைசி வரிக்கு வழக்கமான அமைப்பில் அது முழு உத்தரவாதம் தராது. ஆக, கடைக்கு ஒரு யுபிஎஸ் வாங்கி வைப்பதும் தேவைதான். பென் டிரைவில் பெரும்பாலும் இருக்கும் ஃபேட் வகைக்கு ஜர்னலே இல்லை. பிடுங்கும்முன் எஜெக்ட் கொடு என்று வாத்தியார் சொல்வது சாங்கியத்துக்காக இல்லை.

கடைசியாகப் பூட்டுகள். ஏலக்கடையில் இரண்டு கவுன்டர், மொத்த வசூல் ஒரே எண்ணில், இப்போது 5000. முதல் த்ரெட் நண்டு விற்ற 300-ஐச் சேர்க்க வேண்டும். 5000 என்று படிக்கிறது. அந்த நேரம் பார்த்து டைமர் தட்டுகிறது. இரண்டாவது த்ரெட் வந்து அதே 5000-ஐப் படித்து, கணவாய் விற்ற 200-ஐக் கூட்டி, 5200 என்று எழுதிவிட்டுப் போகிறது. முதலாவது திரும்ப வருகிறது. அதன் ரெஜிஸ்டரில் இன்னும் 5000-தான். 300 கூட்டி 5300 என்று எழுதுகிறது. வர வேண்டியது 5500; இருநூறு ரூபாய் மாயம். யார் மேலும் பழி சொல்ல முடியாது. ஆயிரம் முறை ஓட்டினால் 999 முறை சரியாக வரும், அதுதான் இதில் மோசம். மருந்து, படித்து எழுதி முடிக்கும்வரை அந்த எண்ணைப் பூட்டி வைப்பது. பூட்டு வந்தால் டெட்லாக்கும் வரும். ஒரு த்ரெட் முதல் பூட்டைப் பிடித்துக்கொண்டு இரண்டாவதுக்குக் காத்திருக்க, இன்னொன்று இரண்டாவதைப் பிடித்துக்கொண்டு முதலாவதுக்குக் காத்திருந்தால் இரண்டும் அப்படியே நின்றுவிடும். எல்லோரும் பூட்டுகளை ஒரே வரிசையில்தான் எடுக்க வேண்டும் என்ற கட்டுப்பாடு ஒன்றே நடைமுறையில் பெரும்பாலும் போதும். டெட்லாக் வராமல் முன்கூட்டியே கணக்குப் போட்டுப் பார்க்கும் பேங்கர்ஸ் அல்காரிதம் பரீட்சைக்கு. நீங்கள் நாளும் பயன்படுத்தும் எந்த ஓஎஸ்ஸும் அதை ஓட்டுவதில்லை.

முன்னுரிமையும் பூட்டும் சேர்ந்தால் வரும் வம்புக்கு நல்ல உதாரணம் 1997-ல் செவ்வாய் கிரகத்தில் இறங்கிய நாசாவின் பாத்ஃபைண்டர் விண்கலம். வானிலைத் தகவல் சேகரிக்கும் தாழ்ந்த முன்னுரிமை வேலை ஒரு பூட்டைப் பிடித்திருக்கும். உயர்ந்த முன்னுரிமை வேலை ஒன்று அந்தப் பூட்டுக்குக் காத்திருக்கும். அந்த நேரத்தில் நடுத்தர வேலை ஒன்று குறுக்கே ஓடினால் தாழ்ந்ததற்குப் பிராசஸர் கிடைக்காது, பூட்டும் விடுபடாது. முக்கிய வேலை முடியாததைப் பார்த்த கண்காணிப்பு அமைப்பு, மொத்தக் கம்ப்யூட்டரையும் ரீசெட் பண்ணிவிடும். மறுபடி மறுபடி இதே நடந்தது. பூட்டைப் பிடித்திருப்பவருக்குக் காத்திருப்பவரின் முன்னுரிமையைத் தற்காலிகமாகக் கொடுக்கும் வசதி அந்த ஓஎஸ்ஸிலேயே இருந்தது, அணைத்து வைத்திருந்தார்கள். பூமியிலிருந்தே அதை இயக்கிவிட்டார்கள்.

படிப்பதற்கு வழி கேட்டீர்கள் அல்லவா. டிஸ்க் ஷெட்யூலிங்கில் ஸ்கேன், சி-ஸ்கேன் எல்லாம் சுழலும் தட்டுக்காக எழுதியவை, எஸ்எஸ்டியில் நகரும் தலையே கிடையாது. பரீட்சைக்கு முந்தின நாள் பார்த்துக்கொள்ளலாம். அந்த நேரத்தை லினக்ஸில் செலவிடுங்கள். வீட்டில் அண்ணனோ அக்காவோ பள்ளியில் வாங்கிய அரசு மடிக்கணினி கிடந்தால் எடுங்கள், அவற்றில் பலவற்றில் விண்டோஸோடு மத்திய அரசு நிறுவனமான சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் போட்டே கொடுத்தார்கள். அதில் 'எஸ்ட்ரேஸ்' என்ற கருவியைப் போட்டு, 'எல்எஸ்' மாதிரி ஒரு சின்ன கட்டளையை அதன்கீழ் ஓட்டுங்கள். ஃபைல் பட்டியல் காட்டுகிற அந்த ஒரு கட்டளை கெர்னலிடம் எத்தனை தடவை போய் நிற்கிறது என்று வரி வரியாகக் கொட்டும். நான் சொன்ன ரைட் அதில் எங்கே வருகிறது என்று தேடுங்கள். 'ப்ராக்' டைரக்டரிக்குள் ஒரு பிராசஸின் எண்ணுக்குள் நுழைந்து 'மேப்ஸ்' ஃபைலைத் திறந்தால் அதன் மெமரிப் பங்கு முழுக்க எழுதியிருக்கும்.

அது பழகியதும் எக்ஸ்வி6-ஐ எடுங்கள். 1975-ன் யூனிக்ஸ் ஆறாம் பதிப்பை ஒட்டி எம்ஐடி தன் மாணவர்களுக்காக எழுதிய ஓஎஸ். சில ஆயிரம் வரிகள்தான், இலவசம். ஷெட்யூலர் ஃபங்ஷனில் தொடங்குங்கள், ஒரு பக்கத்துக்குள் முடிந்துவிடும். பிராசஸ் பட்டியலை வரிசையாகச் சுற்றி, ஓடத் தயாராக இருப்பதை எடுத்து ஓட்டுகிறது, அவ்வளவுதான். அங்கிருந்து கான்டெக்ஸ்ட் ஸ்விட்ச் செய்யும் அசெம்பிளி ஃபைலுக்குப் போங்கள். எங்கேயாவது முட்டினால் எந்த ஃபைல், எந்த வரி என்று போட்டுக் கேளுங்கள், பார்க்கலாம்.